முதல் தண்ணீர்

என் தம்பி ஸ்டீவுக்கு நான் ஒரு கிட்னி கொடுப்பதாக இருந்தது. இது தெரிந்ததும் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மீதிப் பேர், பவுலினாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று காதுபடவே கேட்டார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது. அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பையன் அவன். அவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பேன்? என் வீட்டுக்காரர் ஜான்பீட்டர் மட்டும் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "ஆபரேஷன் அன்னிக்கு சமையல் யாரு?" என்று கேட்டார். அவர் சம்மதம் சொல்கிற விதம் அப்படி.

ஸ்டீவ் சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் இருந்தான். பிரஷர் இருப்பதே தெரியாமல் ஓவர்டைம் பார்த்துப் பார்த்து முப்பது வயதில் இரண்டு கிட்னியையும் தொலைத்துவிட்டு வந்து நின்றான். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பாகலூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்த சின்ன சென்டருக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். அவன் உள்ளே படுத்திருப்பான், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். என் கிட்னி அவனுக்குப் பொருந்தியது. ஜூன் மாதம் ஆபரேஷன் என்று முடிவானது. அங்கே எங்களைப் பார்த்த டாக்டரம்மா நல்ல தமிழ் பேசுகிறவர். கிளம்பும்போது எங்களை உட்காரவைத்து ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "அதுவரைக்கும் தம்பிக்கு ரத்தம் ஏத்தற நிலைமை வரக்கூடாது. வேற ஒருத்தர் ரத்தம் உள்ள போனா, வெளியாள் யாருன்னு கண்டுபிடிக்க உடம்பு பழகிக்கும். பழகிடுச்சுன்னா நாளைக்கு உங்க கிட்னியையும் வெளியாள்னு சொல்லி அடிச்சித் துரத்தும். வேற டோனரும் உங்க வீட்ல இல்ல. ஞாபகம் வெச்சுக்கங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். சென்டரில் இருந்த நர்ஸ், டெக்னீஷியன், கூட்டுகிற அம்மா வரை எல்லோரிடமும் போய், இவனுக்கு ரத்தம் ஏற்றக்கூடாது என்று சொல்லிவைத்தேன். எத்தனை தடவைதான் சொல்வீர்கள் என்று நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். சுளித்தால் சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த சென்டரில் எனக்குப் பிடித்த ஆள் மாதேஷ். கெலமங்கலத்துக்காரன். கன்னடக்காரர்களிடம் கன்னடம், தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் என்று வாய் ஓயாமல் பேசுவான். தண்ணீர் சுத்தம் செய்கிற அறை அவன் பொறுப்பு. டயாலிசிஸ் என்றால் மருந்து மட்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு டிரம் டிரம்மாகத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப்பக்கம் ஓடும், இந்தப்பக்கம் ரத்தம் ஓடும். தண்ணீரில் ஏதாவது கெட்டது இருந்தால் நேராக ரத்தத்துக்குள் போய்விடும். குழாய்த் தண்ணீரில் கிருமி சாவதற்காகப் போடுகிறார்களே குளோரின், நாம் குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி நிறையக் கரி போட்டிருந்தார்கள். சாதாரண அடுப்புக் கரி இல்லை, இதற்கென்றே பக்குவம் செய்த கரி.

மாதேஷ் இங்கே வருவதற்கு முன் பல வருஷம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் லைனில் இருந்தவன். ஆள் குறைப்பில் வெளியே வந்து, ஏதோ ஒரு பயிற்சி எடுத்துவிட்டு இங்கே சேர்ந்தான். நானும் ஒயரிங் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். ஓசூரில் எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், ஷிப்ட் ஆரம்பித்ததும் மெஷினிலிருந்து வருகிற முதல் பீஸை எடுத்து அளந்து பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் லைன் ஓடும். முதல் பீஸ் சரியாக இருந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இது எங்கள் ரத்தத்தில் ஊறின பழக்கம்.

மாதேஷும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காலையில் வந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவான், மோட்டாரைப் போடுவான், கரித்தொட்டியைத் தாண்டி வருகிற முதல் தண்ணீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடிப்பான். அதில் மருந்து இரண்டு சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும், இல்லாவிட்டால் நிறம் மாறாது. நிறம் மாறாத அந்தக் குழாயை ஒவ்வொரு படுக்கையாகக் கொண்டுபோய்க் காட்டுவான். "பாத்துக்கங்க, பர்ஸ்ட் பீஸ் ஓகே." ஸ்டீவ் உடனே, "லைனை ஓட வுடு மாதேஷு" என்பான். எட்டுப் படுக்கையும் சிரிக்கும். இவ்வளவு பொறுப்பான ஆள் கையில் தம்பி இருக்கிறான் என்று எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தைரியம் வரும்.

மாசி பிறந்ததும் சென்டரின் போர்வெல் வற்றிவிட்டது. இரண்டு நாள் தண்ணீர் லாரி வைத்து ஓட்டினார்கள். பிறகு குழாய்த் தண்ணீர் இணைப்பு வந்தது. மாதேஷ் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னான். "காவேரித் தண்ணி வந்துருச்சுக்கா. போர்த் தண்ணி உப்புல மெஷினே பொரிஞ்சி போவுது. இனிமே கவலை இல்ல." எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வாரம் ஒரு பேஷன்ட் வீட்டார் எல்லோருக்கும் லட்டு கூட கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஸ்டீவின் ரத்த அளவு இறங்க ஆரம்பித்தது. பத்துக்கு மேல் இருந்தது ஒன்பதானது, எட்டானது. ரத்தம் ஊறுவதற்குப் போடுகிற ஊசியைக் கூட்டினார்கள். அப்போதும் இறங்கியது. மாடி ஏறினால் மூச்சு வாங்கினான். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அவனைப் பிடித்துக்கொண்டேன்.

காரணமும் கையில் கிடைத்தது. அது தவக்காலம். தம்பித் துரை, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறேன் என்று முட்டையையும் மீனையும் விட்டிருந்தான். கிட்னி போனவனுக்கு ஒருசந்தி கிடையாது என்று பங்குச் சாமியாரே சொல்லியும் கேட்கவில்லை.

"ஏன்டா, சேசுநாதர் உங்கிட்ட முட்டையைக் கேட்டாரா?"

"நாப்பது நாள் தானக்கா. ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேன்."

"நீ வேண்டிக்கிட்டு ரத்தமில்லாம கெடந்தா ஆபரேஷனே கெடையாது. தெரியும்ல?"

அவன் தரையைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே நான் கத்தினால் அப்படித்தான். பெரிய வெள்ளிக்கிழமை அன்று, ஊரே பட்டினியோடு சிலுவைப்பாதைக்குப் போயிருந்தபோது, நான் முட்டை அவித்து மஞ்சள் கருவை எடுத்துவிட்டு அவன் முன்னால் தட்டை வைத்தேன். எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாப்பிட்டான். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் இரங்கவில்லை. சாப்பிட்டு முடிக்கிற வரை எழுந்திருக்கவும் இல்லை.

சென்டரில் மற்றவர்களும் வாடித்தான் கிடந்தார்கள். மூன்றாவது படுக்கை வெங்கடம்மாள் வாசல்படி ஏறவே முடியாமல் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாகலூரிலிருந்து வருகிற கரியப்பன் தலை சுற்றுகிறது என்றார். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். வெயில் என்றார்கள், வயசு என்றார்கள், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மாதேஷ் வழக்கம்போலக் காலையில் முதல் தண்ணீரைப் பிடித்தான், காட்டினான். அது ஒரு நாளும் மஞ்சளாகவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம், மெஷினில் இருக்கும்போதே ஸ்டீவுக்கு இடுப்பு வலி வந்தது. நெஞ்சை அடைக்கிறது என்றான். உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. மெஷினை நிறுத்தினார்கள். கொஞ்சநஞ்சம் போன சிறுநீர் கஷாயம் மாதிரி கறுப்பாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஐந்துக்குக் கீழே. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கிருந்த டாக்டர் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். பெங்களூரில் சொன்னது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, ராத்திரிக்குள்ள இதயம் நின்னுடும்" என்றார். பெங்களூர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ரத்த அளவு எவ்வளவு என்று கேட்டார். பிறகு, "உயிரோட இருந்தாத்தானே ஆபரேஷன். ஏத்தச் சொல்லுங்க. வெள்ளை அணுவை வடிகட்டற பில்டர் போட்டு ஏத்தச் சொல்லுங்க. அப்பவும் உறுதி சொல்ல முடியாது" என்றார்.

சரி என்று சொன்னது நான்தான். வேறு யார் சொல்வார்கள்? பை தொங்கியது, சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவன் முகத்துக்கு நிறம் திரும்பியது. பல வாரங்களுக்குப் பிறகு தம்பி தம்பியைப் போல இருந்தான். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. ஜான்பீட்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் வெங்கடம்மாளையும் அதே வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் சென்டர்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது. தொட்டி போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து சர்வீஸ் ஆள் ஒருத்தரை வரவழைத்தார்கள். அவர் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஸ்டீவுக்கு அடுத்த டயாலிசிஸ் எங்கே போடுவது என்று சண்டை போட வந்திருந்தேன்.

அவர் வந்தது மத்தியான நேரம். உள்ளே போனதும் மாதேஷ் முந்திக்கொண்டான். "சார், டெஸ்ட் எல்லாம் பக்காவா இருக்குது. காத்தால கூடப் பாத்தேன். கரி மாத்தி ஒரு வருஷம் கூட ஆவல. ரெண்டு வருஷம் தாங்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் தண்ணீரைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று காத்திருந்தார். பிறகு மாதேஷின் அதே கண்ணாடிக் குழாயில் பிடித்து, அதே மருந்தை விட்டார். மஞ்சள். மாட்டு மூத்திரம் மாதிரி மஞ்சள்.

மாதேஷ் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கழுவிவிட்டு அவனே ஒரு தடவை பிடித்தான். மறுபடியும் மஞ்சள்தான்.

"காத்தால இல்லையே சார்" என்றான்.

"காலைல எப்பப் பிடிப்பீங்க?"

"மோட்டார் போட்டதும். பர்ஸ்ட் தண்ணி."

சர்வீஸ் ஆள் தொட்டியில் சாய்ந்து நின்றுகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அலுத்துப்போன குரலில்தான் சொன்னார். "முதல் தண்ணி ராத்திரியெல்லாம் இந்தக் கரிக்குள்ளயே நின்ன தண்ணிங்க. அவ்ளோ நேரம் கிடைச்சா செத்துப்போன கரி கூட இருக்கற குளோரினை இழுத்துடும். உங்க டெஸ்ட் அதைத்தான் காட்டியிருக்கு. லைன் ஓட ஆரம்பிச்சா தண்ணி நிக்காம போவுது, கரிக்குப் பிடிக்கத் தெம்பில்ல, அப்படியே விட்டுடுது. பின்னால இருக்கற ஆர்.ஓ.வும் அதை முழுசா நிறுத்தாது. கால் மணி நேரமாவது ஓடவிட்டுத்தான் பிடிக்கணும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் பிடிக்கணும்."

"ரெண்டு வருஷம்னு சொன்னீங்களே சார்."

"போர்த் தண்ணிக்குச் சொன்னேன். அதுல குளோரினே கிடையாது. கரி சும்மா உக்காந்திருக்கும், எத்தனை வருஷம் வேணா உக்காந்திருக்கும். கரிக்கு வருஷக் கணக்கு இல்லீங்க. எவ்ளோ குளோரினைத் தின்னுச்சோ அதுதான் கணக்கு. தண்ணியை மாத்தினீங்க, ஒரு போன் பண்ணலையே. வெயில் காலம், வயித்துப்போக்கு வரக்கூடாதுன்னு ஊர்ல மருந்தைக் கூட்டித்தான் போடுவாங்க. இவ்ளோ தண்ணிக்கு இந்தக் கரி ஒரு மாசம் தாங்கியிருந்தாலே பெருசு."

நான் தவக்காலத்தை எண்ணிப் பார்த்தேன். பெரிய வெள்ளிக்கிழமை நான் அவனை உட்காரவைத்து முட்டை சாப்பிடவைத்தபோது கரி செத்துப்போய் பல நாள் ஆகியிருக்கும். வாரத்தில் மூன்று நாள் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தண்ணீரில் படுக்கவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து முட்டை சாப்பிடவில்லை என்று அவனையே திட்டியிருக்கிறேன்.

யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. மாதேஷைத்தான் பார்த்தேன். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, நான் ஒரு நாள் லீவு போட்டதில்லக்கா. ஒரு நாள் கூட டெஸ்ட் பண்ணாம உட்டதில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அது பொய்யில்லை. எனக்கே தெரியும். சோம்பேறியாக இருந்து, ஒரு நாள் தாமதமாக வந்து, வேறு யாராவது மோட்டாரைப் போட்டு ஓடவிட்ட பிறகு பத்து மணிக்கு அந்தத் தண்ணீரைப் பிடித்திருந்தால் தம்பி தப்பித்திருப்பான். எழுந்து போ வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

புதுக் கரி போட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை டெஸ்ட் செய்தார்கள். எல்லோருக்கும் ரத்த அளவு மெல்ல ஏறியது. வெங்கடம்மாள் தானாகவே படி ஏறினார். ஸ்டீவும் தெம்பாகத்தான் இருந்தான். பெங்களூரில் கொஞ்சம் நாள் போகட்டும், மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம், சில பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மே மாதத்தைத் தள்ளினோம். ஜான்பீட்டர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் கம்பெனியில் என் இடத்துக்கு ஆள் சொல்லிவைத்தேன்.

என் ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் கலந்து பார்க்கிற டெஸ்ட் அது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏத்தின ரத்தத்தால அவர் உடம்புல எதிர்ப்பு உருவாயிடுச்சு. உங்க அணுவுக்கே எதிரா. நிறைய இருக்கு" என்றார். "உங்க கிட்னியை வெச்சா டேபிள்லயே கறுத்துடும். நான் வைக்க மாட்டேன்."

"கொஞ்ச நாள் விட்டு வெச்சா?"

"குறையற மாதிரி இல்லம்மா. குறைக்க ஒரு மருத்துவம் இருக்கு. இவர் இதயம் இப்ப இருக்கற நிலைமைக்கு அதைத் தாங்காது. இறந்தவங்க தானம் செய்யற கிட்னிக்குப் பேர் கொடுத்து வைங்க. ஆனா அதுலயும் இவருக்குப் பொருந்தறது இனிமே அபூர்வம். உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

ஸ்டீவ் அவருக்கு நன்றி சொன்னான். எப்படித்தான் அவனுக்கு அந்த நேரத்தில் நன்றி சொல்ல வாய் வந்ததோ தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். அத்திப்பள்ளி டோல்கேட் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். மறுநாள் அவனுக்கு டயாலிசிஸ். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யாரிடம் ஷிப்ட் மாற்றிக்கொள்வது என்று என் தலைக்குள் அது பாட்டுக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இது எத்தனை வருஷத்துக்கு என்று யோசிக்க ஆரம்பித்து, அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

எல்லை தாண்டினதும் அவன் என் பக்கம் திரும்பினான். நான் அழப்போகிறேன் என்று நினைத்திருப்பான் போல. சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்கிறமாதிரி என் புறங்கையைத் தட்டினான்.

"வுடுக்கா. ஒரு விதத்துல நல்லதுதான். நீயாவது முழுசா இருக்க" என்றான்.

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு பலமாக அடித்ததில்லை. முழுசாக இருந்துகொண்டு நான் என்ன செய்ய? அவன் எனக்கு முன்னால் போவான், நான் ஒரு குறையும் இல்லாத உடம்போடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வாயை மூடு என்று மட்டும்தான் அவனிடம் சொல்ல முடிந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு வந்து, எல்லோரும் இறங்கி, கண்டக்டர் வந்து இறங்கச் சொல்கிற வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.